கொறக்காய் போட்ட புளிச்சோறு

இலங்கையில், நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அம்மன் கோயில் புளிச்சோற்றுக்காக இரண்டு லயத்து வரிசைவீட்டு ஆட்கள் ஒரு வருடம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அந்தச் சண்டையை மூட்டியது நான் இல்லை. ஆனால் அதைக் காகிதத்தில் எழுதிக் கடலுக்கு அப்பால் அனுப்பியது நான்தான். அதற்காக என்னை ஏசியவர்கள் உண்டு. அவர்கள் ஏசியதில் பாதி நியாயம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் கடை பதுளைக் கடைவீதியில் இருந்தது. அரிசியும் பருப்பும் கருவாடும் சேலைத்துணியும் ஒரே கூரைக்குக் கீழே. எங்கள் கடைச் சேலையை நாலு தரம் துவைத்தால்தான் கருவாட்டு வாசம் போகும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். நான் பதுளையில் பிறந்தவள், அப்பாவின் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது கடிதம் வாசித்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அதனால்தான் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். பெண் பிள்ளை படிக்கட்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் அவருக்கு இருந்ததாகச் சொன்னால் பொய்யாகும்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து சனம் பதுளைக்கு இறங்கும். ஆண்கள் கடை வாசலில் என் வீட்டுக்காரரிடம் கடிதம் எழுதிக்கொள்வார்கள். பெண்கள் பின்கட்டுக்கு என்னிடம் வருவார்கள். என் வீட்டுக்காரர் எழுதும் கடிதம் நலம் என்று தொடங்கி நலத்திலேயே முடிந்துவிடும். பெண்களுக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, அழுபவர்களை அழவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு வரச் சொல்லி, பிறகு எழுதுவேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன், வந்ததை வந்தபடி வாசிப்பேன். இதை நானே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.

தோட்டத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதுவானாலும் ஊருக்கு எழுதிக் கேட்பார்கள். பெண்ணுக்கு எந்த மாதத்தில் கல்யாணம் வைக்கலாம், இந்த வீட்டில் சம்பந்தம் செய்யலாமா, குழந்தைக்கு எந்தச் சாமி பேர் வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஊர் பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை காரியம் அப்படியே நிற்கும். ஊர் என்றால் திருச்சிப் பக்கத்திலோ மதுரைப் பக்கத்திலோ அவர்கள் விட்டுவந்த ஊர். இங்கே இருபது முப்பது வருடம் இருந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே புதைத்திருந்தாலும் இது தோட்டம்தான். ஊருக்கு எல்லாம் தெரியும், தோட்டத்துக்கு ஒன்றும் தெரியாது என்பதில் அவர்களுக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது.

நான் சொல்லும் தோட்டத்தில் மேட்டில் ஒரு லயம், பள்ளத்தில் ஒரு லயம். மேல் லயத்தில் திருச்சிப் பக்கத்து ஆட்கள், கீழ் லயத்தில் மதுரைப் பக்கத்து ஆட்கள். இரண்டுக்கும் நடுவில் அம்மன் கோயில். சித்திரையில் திருவிழா. அன்று அம்மனுக்கு முதலில் வைப்பது புளிச்சோற்றுப் பானை. கறுத்த நிறத்தில், கித்துல் மரத்துக் கருப்பட்டியின் இனிப்பு அடியில் தெரிய, வறுத்த மிளகாய் வாசத்தோடு இருக்கும். அந்தச் சோற்றுக்காகவே பதுளையிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருடா வருடம் போவோம். சாமி கும்பிடத்தான் போகிறோம் என்று வெளியே சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பானையை வைப்பவள் மேல் லயத்து அக்கா ஒருத்தி. பானைக்கார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அப்போது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சக் காலத்தில் புருஷனோடு, சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுக் கிளம்பி வந்தவள். வந்த இரண்டாம் வருடம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அண்ணனுக்கு அவள் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். மூன்றுக்கும் பதில் இல்லை. வருடம் முழுக்க அவள் கொழுந்துக் கூடையோடு, தேயிலை பறிக்கும் நிரையில் கடைசி ஆளாக நிற்பவள், அவ்வளவுதான். சித்திரையில் அந்த ஒரு நாள் மட்டும், அவள் பானையின் வாயைத் துணியால் கட்டித் தூக்கும்வரை தப்பு அடிக்க மாட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வழிவிடுவார். காய்ச்சல் வந்தால் அவளுக்குக் கஞ்சி வருவதும், அவள் கூரை ஒழுகினால் யாராவது ஏறிப் பார்ப்பதும் அந்தப் பானையால்தான். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் பானை இருக்கிறதாலதாம்மா எனக்கு இங்க நாலு ஆளு இருக்கு. இல்லாட்டி நான் யாரு?"

ஒரு திருவிழாவில் கீழ் லயத்துக் கங்காணியின் சம்சாரம் சண்டையைத் தொடங்கினாள். நல்ல உயரம், நல்ல குரல், மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி. கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "புளிச்சோறு எங்க மருதப் பக்கத்துச் சோறு. எங்க ஊரு பெருமா கோயில்ல ஆதியில இருந்து வைக்கிறது. எங்க சோத்த இவங்க எப்படி மொதப் பானையா வைக்கலாம்?"

மேல் லயத்துக்காரர்கள் விடுவார்களா? திருச்சிப் பக்கத்தில் இல்லாத பெருமாள் கோயிலா என்று எகிறினார்கள். புளிச்சோறே காவிரிக்கரையில்தான் பிறந்தது என்றார் ஒருவர். அப்படியானால் வைகைக்கரையில் இத்தனை காலம் மண்ணையா தின்றார்கள் என்று கீழ் லயத்திலிருந்து ஒரு குரல். இலை போட்டு உட்கார்ந்திருந்த நாங்கள் சோறு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பானைக்கார அக்கா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

கடைசியில் பெரிய கங்காணி தீர்ப்புச் சொன்னார். "எதுக்கு வாய்ச்சண்டை? ரெண்டு பேரும் அவங்கவங்க ஊருக்கு எழுதிக் கேளுங்க. சோத்த எப்படி ஆக்குறதுன்னும் எழுதுங்க. 'ஆமா, இது எங்க ஊருச் சோறு'ன்னு எந்த ஊரு எழுதுதோ அந்த லயத்துக்குப் பானை."

அடுத்த ஞாயிறு முதலில் வந்தவள் கங்காணி சம்சாரம். நிற்காமல் சொன்னாள், நான் எழுதினேன். கொறக்காயை ஊறவைத்து அரைத்து, தேங்காய் எண்ணெயில் கடுகும் மிளகாயும் தாளித்து, கருப்பட்டி போட்டு வற்றவைத்துச் சோற்றில் கிளறுவது. "இது நம்ம ஊருச் சோறுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதை நாலு பெரியவங்க கையெழுத்தோட எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அவள் கைக்குழந்தையாகத் தோட்டத்துக்கு வந்தவள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு என்ன வந்தது?

மத்தியானம் பானைக்கார அக்கா வந்தாள். நிதானமாகச் சொன்னாள். "புளிய ஊறவச்சு அரைச்சு..."

"என்ன புளின்னு எழுதட்டும்க்கா?"

"புளின்னே எழுதுங்கம்மா. அவங்களுக்குத் தெரியும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் கடிதத்தில் கொறக்காய் என்று தெளிவாக இருக்கிறது, இதில் மொட்டையாகப் புளி என்றிருந்தால் இவள் பக்கம் பலவீனமாகிவிடாதா என்று நினைத்தேன். கொறக்காய் எங்கள் கடையில் மூட்டையாகக் கிடக்கும். பழத்தைத் துண்டு போட்டுக் காயவைத்துக் கறுத்துப்போன புளி. சிங்கள வீடுகளில் மீனுக்குப் போடுவார்கள். பதுளையில் பிறந்த எனக்கு, ஒரு கடையில் இருப்பது எல்லாக் கடையிலும் இருக்கும் என்ற நினைப்பு. அவளைக் கேட்காமலே "கொறக்காய்ப் புளி" என்று எழுதி உறையை ஒட்டினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவள் செய்த காரியம் அது.

தீபாவளி கழிந்துதான் பதில் வந்தது, ஒரு வாரத்துக்குள் இரண்டும். அதுவரை இரண்டு லயமும் மலைத்தண்ணீர் விழும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தாலும் பேச்சு இல்லை. மதுரைப் பக்கத்துக் கடிதத்தை ஊர் மணியக்காரர் எழுதியிருந்தார். 'நீங்கள் எழுதிய கொறக்காய் இன்ன வஸ்து என்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை. இங்கே புளியோதரை புளியில்தான் செய்வது. நல்லெண்ணெய்தான் விடுவது. கருப்பட்டி சேர்ப்பதில்லை. நீங்கள் எழுதிய சோறு இவ்வூர் வழக்கம் அன்று.'

திருச்சிப் பக்கத்துக் கடிதத்தில் அண்ணன்காரனின் கைநாட்டு இருந்தது. அதிலும் அதே கதை. 'கொறக்காய் என்றால் என்ன? கேள்விப்பட்டதே இல்லை. அப்படி ஒரு சோறு நம் ஊரில் கிடையாது.'

ஞாயிறு வந்த அக்காவிடம் அதை வாசித்துக் காட்டினேன். முடித்த பிறகும் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா?"

"இல்லக்கா."

"சொகமா இருக்கியான்னு?"

"இல்லக்கா. சோத்தப் பத்தி மட்டும்தான்."

அவள் அம்மிக்கல்லைத் தடவிக்கொண்டே, நான் கேட்காமலே, அந்தச் சோறு வந்த கதையைச் சொன்னாள்.

அவள் வந்த முதல் வருடம். திருவிழாவுக்கு முன்னால் பெருமழை பிடித்து, கொஸ்லந்தப் பக்கம் மண் சரிந்து, வண்டிகள் வரவில்லை. தோட்டத்தில் அரிசி இருந்தது, புளி இல்லை. அந்த வருடம் சோறு ஆக்கும் பொறுப்பை, புதுப்பெண் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு இறங்கிப் போனாள்.

"அந்த வீட்டு அம்மாவுக்கு என் பாசை தெரியாது, அவ பாசை எனக்குத் தெரியாது. புளி வேணும்னு எப்படிச் சொல்றது? மூஞ்சியச் சுளிச்சுக் காட்டினேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அடுப்புக்கு மேல இருந்து கொறக்காய எடுத்துக் குடுத்தா. மொதத் தண்ணிய ஊறவச்சுக் கொட்டிரணும், ரெண்டாந் தண்ணியிலதான் அரைக்கணும், இல்லாட்டிப் பல்லு கூசிரும்னு கையாலயே காட்டிக் குடுத்தா. கருப்பட்டியும் அவ குடுத்ததுதான். ஆக்கி வச்சேன். சனங்க, ஊருச் சோறு மாதிரியே இருக்குன்னு அழுதுக்கிட்டே தின்னாங்க. நான் என்னத்தச் சொல்ல? அடுத்த வருசமும் அதையே கேட்டாங்க. பெறகு வந்தவங்க எல்லாம் ஊருச் சோறுன்னே தின்னாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புளி என்று மட்டும் எழுதியிருந்தால் அவள் ஊர் ஆமாம் என்று எழுதியிருக்கும். பானை அவளிடமே இருந்திருக்கும். ஒரு வார்த்தையைக் கூட்டி எழுதி நான் அதைப் பறித்துவிட்டேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தக் கடுதாசி வரலன்னு சொல்லிருங்களேம்மா."

நான் முடியாது என்றேன். வந்ததை வந்தபடி வாசிப்பதுதான் என் வழக்கம், ஒருத்திக்காக மறைத்தால் நாளைக்கு என்னை யார் நம்புவார்கள் என்று நியாயம் பேசினேன். எழுதும்போது அந்த வழக்கத்தை மீறியவள், வாசிக்கும்போது பிடித்துக்கொண்டு தொங்கினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்கா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, "சரிம்மா, போயிட்டு வாறேன்" என்று போனாள். அதன்பிறகு பல மாதம் அவள் பின்கட்டுக்கு வரவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக் கோயில் வாசலில் இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். இரண்டு லயமும் வந்திருந்தது. நான் வாசித்து முடித்ததும் கங்காணி சம்சாரம்தான் முதலில் வாய் திறந்தாள். "கொறக்காயத் தெரியாதாமா? என்ன ஊரு அது!" என்று சொந்த ஊரையே ஏசினாள். சிலர் சிரித்தார்கள். பெரிய கங்காணி சிரிக்கவில்லை. ஊர் தெளிவாக எழுதியிருக்கிறது, இத்தனை வருடம் அம்மனுக்கு ஏதோ கண்டதையும் வைத்திருக்கிறோம், இனிமேல் ஊர் சொன்னபடி புளியில் ஆக்க வேண்டும், லயத்துக்கு ஒரு பானை, முதல் பானை என்று யாருக்கும் கிடையாது என்று முடித்துவிட்டார். பானைக்கார அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். எல்லோரும் கலைந்தபோது அவளோடு நடக்க ஒருவரும் இல்லை. நான் பக்கத்தில் போவதற்குள் வேகமாக ஏறிப் போய்விட்டாள்.

அந்தச் சித்திரையில் எங்கள் கடையிலிருந்துதான் புளியும் நல்லெண்ணெயும் போயின. இரண்டு பானை வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் சோறு நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் தரம் யாரும் இலையை நீட்டவில்லை. பிள்ளைகள், கறுப்புச் சோறு எங்கே என்று கேட்டு அடி வாங்கினார்கள். அக்கா கோயிலுக்கே வரவில்லை. நான் அவள் வீட்டுப் பக்கம் போனேன். உள்ளே படுத்திருந்தாள், கதவைத் திறக்கவில்லை. அந்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் கிடந்தாள் என்றும், கஞ்சி கொடுக்க யாரும் போகவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

வைகாசியில் லயங்களில் அம்மை போட்டது. வெயில் காலத்தில் வழக்கமாக வருவதுதான். அதற்கும் சோற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அம்மன் கோபித்துக்கொண்டாள், பழகின சோற்றை மாற்றினால் பெற்ற பிள்ளையே கோபிக்காதா என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. முதலில் சொன்னவள் கங்காணி சம்சாரம் என்கிறார்கள். எதுவானாலும் ஊரைக் கேட்கிற ஆட்கள் அந்த ஒரு தடவை ஊரைக் கேட்கவில்லை. பெரிய கங்காணியே பானைக்கார அக்காவின் வாசலுக்குப் போய் நின்றார். அடுத்த வருடத்திலிருந்து பழையபடி அவள்தான் பானை வைக்க வேண்டும், கொறக்காய் போட்டே ஆக்க வேண்டும் என்றார். அவள் உடனே சரி என்று சொல்லவில்லையாம். "பதுளக் கடைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்றாளாம்.

அந்த ஞாயிறு வந்தாள். நான் பலகையை அவளுக்குப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தேன். வாய் வரைக்கும் வந்த மன்னிப்பைக் கேட்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"கொறக்காய்னா என்னன்னு எங்கண்ணன் கேட்டிருக்கான்லம்மா. இத்தன வருசத்துல அவன் என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். பதில் சொல்லாம இருக்கலாமா? கொஞ்சம் கொறக்காய் கட்டிக் குடுங்க. ஊருக்குப் போறவங்க கையில குடுத்து விடுறேன்."

மூட்டையிலிருந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கினேன். வாழைச்சருகில் சுற்றி, துணியில் தைத்தேன். செய்முறையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்தேன். தோட்டத்திலிருந்து ஊருக்குப் போன ஒரு குடும்பம் கொண்டுபோனது. அடுத்த சித்திரையில் அவள் பழையபடி பானையைத் தூக்கினாள். பெரிய கங்காணி துண்டைக் கக்கத்தில் இடுக்கினார், தப்பு அடித்தார்கள். அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகவும் ஆள் வந்தது.

அதன்பிறகு வருடா வருடம் ஒரு பொட்டலம் போகும். ஒரு தடவைகூடப் பதில் வந்ததில்லை. தைத்து முடிக்கும் நேரத்தில் அவள் கேட்பாள்: "போன வருசத்துது கெடச்சிருக்குமாம்மா?"

"கெடச்சிருக்கும்க்கா."

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டதற்கு வேறு எதையும் சொல்ல இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை.

எட்டு ஒன்பது வருடம் ஓடியது. ரயில் அப்போதும் பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளையில் இறங்கி, ஹாலிஎல வழியாக நடந்து வரும் புதிய ஆட்கள் எங்கள் கடைப் பின்கட்டில் இளைப்பாறிவிட்டு மலை ஏறுவார்கள். ஒரு பங்குனியில் அப்படி வந்த கூட்டத்தில் ஒரு இளம்பெண், தண்ணீர் குடிக்க எழுந்தவள், மூட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அட, கொறக்காய்! இது இங்கயுமா இருக்கு?"

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். வருடா வருடம் நான் பொட்டலத்தின் மேல் எழுதிய, அக்காவின் ஊர் அது.

"எங்க ஊரு அம்மன் கோயில்ல இதுலதாங்க புளிச்சோறு. வேற எந்த ஊர்லயும் கெடையாது."

"எத்தன காலமா?"

"அது முப்பாட்டன் காலத்துல இருந்துங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முப்பாட்டனாம்! அந்த முப்பாட்டன் என் கையால் தைத்த துணிப்பொட்டலம். ஆனால் களைத்து வந்து நிற்கிற பெண்ணிடம் மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? எந்தத் தோட்டத்துக்குப் போகிறாள் என்று மட்டும் கேட்டுவைத்தேன். அதே தோட்டம். சித்திரையில் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

திருவிழா அன்று நான் அக்காவோடு பந்தியில் நின்றேன். அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, பானையைத் தூக்க ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் இலையில் ஒரு வாய் எடுத்து வைத்தாள், மென்றாள், ஒரு பெரிய மனுஷி தோரணையில் தலையை ஆட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊரு மாதிரி வரல. அங்க இன்னும் நல்லாக் கறுப்பா, பல்லு கூசுற மாதிரி இருக்கும். அதுதான் பழைய மொற."

பல்லு கூசுகிற மாதிரி. எனக்குச் சுரீர் என்றது. முதல் தண்ணியைக் கொட்டிவிட வேண்டும் என்பதை அந்தத் துண்டுக் காகிதத்தில் நான் எழுதவே இல்லை. அரைப்பது, தாளிப்பது, கிளறுவது எல்லாம் எழுதியவள் அதை விட்டுவிட்டேன். என் மறதியைத்தான் அந்த ஊர் பழைய முறை என்று வருடா வருடம் பல் கூசத் தின்றுகொண்டிருக்கிறது.

அக்கா அகப்பையைப் பானையில் வைத்தாள்.

"அங்க யாரு வீட்லம்மா பானை வைக்கிறாங்க?"

"கோயில் கெணத்துக்கு எதுத்த வீட்ல. வாசல்ல பூவரசு நிக்கும். அவங்களுக்குத்தான் மொதப் பானை. அந்த வீட்டுப் பெரியவரு கொறக்காய்ப் பொட்டலத்தப் பெட்டியில வச்சுப் பூட்டியிருப்பாரு, யாருக்கும் காட்ட மாட்டாரு. சாமி குடுக்கிறதுன்னு சொல்லுவாரு."

"சாமியா! யாரு குடுத்ததுன்னு..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சோறு பிசுபிசுத்த கை, நல்ல பிடி.

"அண்ணன் வாங்கிக்கிட்டுத்தாம்மா இருந்திருக்கான்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒண்ணு விடாம வாங்கியிருக்கான்."

அவள் அழுதாள். அவளுக்கு முந்தியே நான் அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு அகப்பைச் சோற்றை அந்தப் பெண்ணின் இலையில் வைத்தாள். "சாப்புடும்மா. ஊரு மாதிரி வருமா, என்ன?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அன்றும் பிறகும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வண்டி ஏறும்போது அக்காவிடம் என் மறதியைச் சொன்னேன். அடுத்த பொட்டலத்தில் திருத்தி எழுதிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்மா" என்றாள். "அது இப்ப அவங்க மொற. நம்ம எதுக்கு அதுல கை வைக்கணும்?"

அடுத்த வருடமும் பொட்டலம் கட்டினேன். அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டு எழுதினேன். முதல் தண்ணியைப் பற்றி எழுதவில்லை.